டோர்கிலின் கணினிக்கு ஒரு தேக்குப் பெட்டி

டோர்கில் தன் கணினியை எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் கொண்டுவந்தது ஒரு வாழைப்பழ அட்டைப்பெட்டியில். சைக்கிளுக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் சின்ன வண்டியில் அதை வைத்து, தன் மழைக்கோட்டைக் கழற்றி அதன்மேல் போர்த்தி, ஊருக்குள் நீளும் ஃபியோர்டுக் கடல்கழியின் காற்றை எதிர்த்து மிதித்துக்கொண்டே வந்தான். ஆள் தொப்பலாக நனைந்திருந்தான். அட்டைப்பெட்டியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

என் கணவன் அக்ஸல் பட்டறையிலிருந்து மரத்தூளோடு வெளியே வந்தான்.

"என்னடா, பழ வியாபாரத்துல எறங்கிட்டியா?"

"மூடிட்டு ஒரு கை பிடிடா, மரப்புழு."

இருவரும் எங்கள் ஊர் வானொலித் தொழிற்சாலையில் ஒன்றாக வேலை செய்தவர்கள். அக்ஸல் மரப்பிரிவு. வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் வெளிப்பெட்டி செய்வான். டோர்கில் உள்ளே போகிற மின்சுற்றுகளை வடிவமைப்பவன். அந்தத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் கோபன்ஹேகனிலிருந்து வருகிற வடிவக்காரர் பெட்டியை வரைந்துவிடுவார். பலகை மாதிரி மெல்லிசாக, பார்த்தால் கண்ணை எடுக்க முடியாதபடி இருக்கும். அப்புறம்தான் டோர்கிலைக் கூப்பிட்டு, "இதுக்குள்ள எல்லாத்தையும் அடக்கு" என்பார்கள். வேலைக்காலம் முழுக்க அவன் அடக்கிக்கொண்டே இருந்தான். சுற்றுகளை மட்டுமல்ல. விருதுகள் வரும், பத்திரிகையில் படம் வரும், படத்தில் வடிவக்காரர் நிற்பார், பக்கத்தில் சில சமயம் அக்ஸலும் நிற்பான். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

ஓய்வு பெற்றபின் டோர்கில் தனக்கென்று ஒரு கணினி செய்யத் தொடங்கினான். மனைவி அதற்குள் அவனை விட்டு ஆல்போர்க் நகருக்குப் போய்விட்டிருந்தாள். வீடு முழுக்க அவனுக்குத்தான். அவன் செய்தது நாங்கள் இளைஞர்களாக இருந்த காலத்துக் கணினி மாதிரி ஒன்று. இன்றைய கைபேசியின் மூளையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட அதற்கு இருக்காது. ஆனால் நினைவகத்திலிருந்து திரை வரைக்கும் ஒவ்வொரு இணைப்பையும் அவனே யோசித்து, அவனே முடி மாதிரி மெல்லிய கம்பியால் பற்றவைத்தான். பல குளிர்காலங்கள் அதில் போயின.

அட்டைப்பெட்டியோடு வந்த அன்று எங்கள் சாப்பாட்டு மேசையில் அதைப் பரப்பி, மின்சாரம் கொடுத்தான். வட்டமான சின்னத் திரை, ஏதோ பழைய அளவுக்கருவியில் இருந்து எடுத்தது. கொஞ்ச நேரம் முனகிவிட்டுப் பச்சை எழுத்தில் ஒரே ஒரு சொல்லைக் காட்டியது: "சொல்லு."

"என்ன சொல்லணும்?" என்று கேட்டேன்.

"உன் பிறந்த தேதியை அடி, டாக்னி."

அடித்தேன். "வியாழன். மழை பெய்திருக்கும்," என்றது.

"மழை எப்படிடா அதுக்குத் தெரியும்?"

"நம்ம ஊருல எந்த நாளைச் சொன்னாலும் அது சரியாத்தான் இருக்கும்," என்றான். அவன் அப்படிச் சிரித்து நான் வெகுகாலம் பார்த்ததில்லை.

காப்பி ஊற்றினேன். அவன் கோப்பையில் பாதிதான் ஊற்றுவேன், ஏனென்றால் முந்தைய கோடையிலிருந்தே அவன் வலது கை ஆடத் தொடங்கியிருந்தது. அன்று அவனே அந்தப் பேச்சை எடுத்தான்.

"டாக்டர் வியாதிக்குப் பேர் சொல்லிட்டாரு. மாத்திரை இருக்கு, கொஞ்ச நாள் தாங்கும். ஆனா இதுக்கப்புறம் இன்னொண்ணு செய்ய எனக்குக் கை இருக்காது. அதான் இதுக்கு நல்லதா ஒரு வீடு வேணும். நீதான் கட்டணும், அக்ஸல்."

அக்ஸல் எழுந்து படுக்கையறைக்குப் போனான். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு நீளமான பொட்டலத்தை இழுத்து வந்தான். தொழிற்சாலையின் மரப்பிரிவை மூடிய அன்று அவன் வாங்கிவந்த தேக்கு ஏடுகள். காகிதம்போல் மெல்லிசு, தேன் நிறம். எங்கள் மகள் கல்யாணத்துக்கு ஒரு அலமாரி செய்து கொடு என்று நான் கெஞ்சியபோதுகூட அவன் அதைத் தொடவிடவில்லை.

"இது போதுமா?" என்றான்.

டோர்கிலுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னான். "ஒரே ஒரு நிபந்தனைடா. வாழ்க்கை பூரா நான் உங்க பெட்டிக்குள்ள நுழைஞ்சு நுழைஞ்சு கூனிப்போயிட்டேன். இந்த ஒரு தடவை, உள்ள இருக்கறது சொல்றதை வெளிய இருக்கறது கேக்கணும்."

"கேக்கும்டா, கம்பிக்காரா. கேக்கும்," என்றான் அக்ஸல். அவன் மனசாரத்தான் சொன்னான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த இலையுதிர்காலம் முழுக்க எங்கள் வீட்டில் அட்டை மாதிரிகள்தான். சமையலறை ஜன்னல் ஓரம், குளிர்சாதனப் பெட்டி மேல், கழிப்பறையில்கூட ஒன்று. அக்ஸல் கத்தரித்து, ஒட்டி, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, கிழித்துப் போடுவான். கடைசியில் ஒன்று அமைந்தது. முன்பக்கம் விசைப்பலகைக்கு மேல் உதடு மாதிரி மெலிந்து, திரையைச் சுற்றி எழும்பி, பின்பக்கம் அலை இறங்குவதுபோல் ஒரே வீச்சில் கீழே சரியும். ஆணி கிடையாது, திருகு கிடையாது. ஏடுகளை ஒன்றன்மேல் ஒன்று பசை தடவி அச்சில் இறுக்கி வளைத்தால் அந்த வளைவு கிடைக்கும். நானே அதைத் தடவிப் பார்த்தேன். அக்ஸல் தன் எழுபது வயதில் செய்த முதல் சொந்த வடிவம் அது. அதுவரை அவனும் மற்றவர் வரைந்ததைத்தான் செய்தவன்.

டோர்கில் அட்டை மாதிரியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "அழகா இருக்கு," என்றான். "ஆனா வேணாம்."

"என்ன வேணாம்?"

"காத்துப் போக வழி எங்கடா? அது கொதிச்சுச் செத்துடும். அப்புறம் இந்த மூலை. என்னோட பெரிய சுற்றுப்பலகை இங்க இடிக்கும்."

காற்றுக்காகக் கீழே வரிசையாகத் துளை வைக்க அக்ஸல் ஒத்துக்கொண்டான். திரையைக் கொஞ்சம் நகர்த்த டோர்கில் ஒத்துக்கொண்டான். மூலைதான் தீரவில்லை. சுற்றுப்பலகையின் பின்மூலை, இரண்டு விரல் அகலம், அந்த வளைவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"அந்த மூலையில ஒண்ணுமே இல்லையேடா. வெறும் பலகைதானே? வெட்டிடு."

"மேல ஒண்ணும் இல்ல. அடியில கம்பி ஓடுது. அதைத் தொட முடியாது."

"அப்ப முதுகுல ஒரு புடைப்பு வைக்கணும். ஒட்டகம் மாதிரி இருக்கும்."

"ஒட்டகமே இருக்கட்டும். ஒட்டகம் தண்ணி இல்லாமலே பாலைவனத்தைத் தாண்டிடும்டா."

அக்ஸல் சிரிக்கவில்லை. அட்டையில் ஒட்டகம் செய்தான். அன்று இரவுச் சாப்பாட்டில் கறுப்பு ரொட்டியையும் மீனையும் வைத்துக்கொண்டு, தின்னாமல், தட்டின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தான். "வளைவு அந்த எடத்துல சாகுது, டாக்னி," என்றான். "ஒரு ஆளோட மூக்குல கட்டி வந்த மாதிரி. மத்ததெல்லாம் சரியா இருந்து என்ன பிரயோஜனம்?"

"அது உன்னோட மூக்கு இல்லையே," என்றேன்.

வசந்தத்தில் ஓர்ஹூஸ் நகரில் பழைய கணினிகளுக்கான கண்காட்சி ஒன்று நடப்பதாக இருந்தது. வீட்டில் செய்தவற்றுக்குத் தனி மண்டபம். டோர்கில் பெயர் கொடுத்துவிட்டான். அதற்குச் சில வாரம் முன்னால் அவனை இடுப்பு அறுவைச் சிகிச்சைக்கு மருத்துவமனையில் சேர்த்தார்கள். போகுமுன் சுற்றுப்பலகைகளை அக்ஸலிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான், பெட்டிக்குள் கடைசியாகப் பொருத்துவதற்காக. ஒரு கைக்குழந்தையை விட்டுப் போவதுபோல, எது சூடாகும், எதைப் பிடிக்கக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

ஒரு நாள் காப்பி எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். பெட்டி முடிந்து, எண்ணெய் பூசி, ஜன்னல் வெளிச்சத்தில் இருந்தது. முதுகில் புடைப்பு இல்லை. அலை தடையில்லாமல் இறங்கியது.

"ஒட்டகம் எங்க?"

"தேவைப்படல," என்றான் அக்ஸல், திரும்பாமல். "டோர்கில்கிட்ட போன்ல பேசிட்டேன். வேற வழி சொன்னான்."

நம்பினேன். அத்தனை வருடம் கூட வாழ்ந்தவன் சொன்னதை நம்பாமல் என்ன செய்வது?

கண்காட்சிக்கு நாங்கள் காரில் பெட்டியைக் கொண்டுபோனோம். டோர்கில் மருத்துவமனையிலிருந்து வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. வாடகைக் காரில், இரண்டு ஊன்றுகோலோடு தனியாக வருவதாகச் சொல்லிவிட்டான். அவன் வருவதற்குள் எங்கள் மேசையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. மற்ற மேசைகளில் தகரப்பெட்டி, பிளாஸ்டிக் பெட்டி, சிலதுக்குப் பெட்டியே இல்லை. நடுவில் இந்தத் தேக்கு, பச்சை வெளிச்சத்தோடு. திரையில் "சொல்லு" என்ற சொல். ஆளாளுக்குக் குனிந்து அதன் முதுகைத் தடவினார்கள். அக்ஸல் அதை எப்படி வளைத்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவன் முகம் சிவந்து, பத்து வயது குறைந்திருந்தது.

டோர்கில் வந்தான். கூட்டம் விலகி வழிவிட்டது. அவன் அந்தப் பெட்டியின் முதுகைப் பார்த்தான்.

"டேய்," என்றான். "எப்படிடா பண்ணின? புடைப்பே இல்லாம எப்படிடா அடக்கின?"

அக்ஸல் அவன் தோளைத் தட்டி, "அப்புறம் சொல்றேன், அப்புறம்," என்றான்.

டோர்கில் ஒரு ஊன்றுகோலை என்னிடம் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். ஆடும் விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி ஒரு தேதியை அடித்தான். திரையில் எதுவும் மாறவில்லை. மறுபடி அடித்தான். "சொல்லு" என்ற சொல் அப்படியே நின்றது. தன் கையின் மேல்தான் அவனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். இடது கையால் அடித்தான். பிறகு என்னைப் பார்த்து, "நீ அடி, டாக்னி," என்றான். நான் அடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

அவன் உள்ளங்கையைப் பெட்டியின் மேல் வைத்தான்.

"சூடே இல்லையே," என்றான்.

பக்கத்து மேசைக்காரன் எர்லிங், பழைய கணினிச் சங்கத்துக்காரன், நல்ல மனுஷன். உதவுவதாக நினைத்து வாயைத் திறந்தான். "விசையெல்லாம் இணைக்கலையே. நான் இவருக்குக் குடுத்த சின்னப் பலகை திரையில அந்தச் சொல்லை மட்டுந்தான் காட்டும். உங்களுக்குத் தெரியும்னு அக்ஸல் சொன்னாரே?"

டோர்கில் அக்ஸலைப் பார்த்தான். "என்னோடது எங்க?"

"வீட்ல இருக்கு. பத்திரமா இருக்கு. டேய், இங்க வேணாம், நான் விளக்கமா..."

"முழுசா இருக்கா?"

அந்த நேரம் பார்த்து ஒலிவாங்கியோடு ஒரு பெண் வந்தாள். பார்வையாளர்கள் வாக்களித்ததில் இதுதான் கண்காட்சியின் மிக அழகான கணினி என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். நீல ரிப்பன் ஒன்றை நீட்டி, "இதைச் செய்தவர் யார்? உள்ளே என்ன இருக்கிறது என்று கொஞ்சம் சொல்லுங்களேன்," என்று கேட்டாள். யாரும் கேட்காத அந்தக் கேள்வியைக் கடைசியில் ஒருத்தி கேட்டாள்.

டோர்கில் என் கையிலிருந்த ஊன்றுகோலை வாங்கிக்கொண்டு எழுந்தான். "இது அவரு பண்ணினது," என்று அக்ஸலைக் காட்டினான். "இதுல என்னோடது எதுவும் இல்ல."

அவன் வாசலை அடைய வெகுநேரம் ஆனது. நான் பின்னாலேயே போனேன். வாடகைக் காரில் ஏறும்போது, "நீ உள்ள போ, டாக்னி. அவனுக்குப் படம் எடுப்பாங்க," என்றான்.

மறுநாள் டோர்கில் எங்கள் வீட்டுக்கு வந்தான். காலணியைக் கழற்றவில்லை, உட்காரவும் இல்லை. அக்ஸல் துணியில் சுற்றி வைத்திருந்த பலகையை மேசைமேல் வைத்தான். நான் அப்போதுதான் அதைப் பார்த்தேன். ஒரு மூலை ரம்பத்தால் நேர்க்கோடாக அறுக்கப்பட்டிருந்தது. மரக்காரனின் சுத்தமான அறுப்பு, ஓரத்தைத் தேய்த்துக்கூட விட்டிருந்தான். அடியில் அறுந்த கம்பிகள் கொத்தாகத் தொங்கின. எல்லாமே வெள்ளை. தொழிற்சாலைக் கழிவிலிருந்து ஒரே நிறக் கம்பிதான் டோர்கிலுக்குக் கிடைத்திருந்தது; எது எங்கே போகும் என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது.

"அடியில கம்பி ஓடுதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்ன. கம்பியை நகர்த்தி வெச்சிட்டு வெட்டலாம்னு பாத்தேன். கொஞ்சம் அறுந்துடுச்சு. நாலஞ்சு கம்பிதான் இருக்கும்னு நெனச்சேன், நீ வந்து திருப்பிப் பத்தவெச்சிக்குவேன்னு..."

டோர்கில் தன் வலது கையை நீட்டினான். அக்ஸலின் முகத்துக்கு நேராக. அது சும்மா இருக்கும்போதே ஆடியது. நீட்டியபடியே நின்றான். அக்ஸல் பார்வையைத் தரைக்கு இறக்கினான்.

"ஒரு தடவை," என்றான் டோர்கில். "ஒரே ஒரு தடவை கேட்டேன்."

"அந்த வளைவைப் பாருடா," என்றான் அக்ஸல், கிட்டத்தட்டக் கெஞ்சலாக. "நீயே பாத்தியே. நீயே 'எப்படிடா பண்ணின'ன்னு கேட்டியே. அந்தப் புடைப்போட அது ஒண்ணுமே இல்ல. இப்பதான் அது ஒரு பொருளா இருக்கு."

நான் அவனைக் கையமர்த்தினேன். அவன் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. "எர்லிங்கிட்ட பேசறேன். அவங்க சங்கத்துல இளைஞருங்க இருக்காங்க, சரி பண்ணிக் குடுப்பாங்க."

"எந்தக் கம்பி எங்க போகணும்னு என் தலையிலதான் இருக்கு. சங்கத்துல இல்ல." டோர்கில் பலகையைத் துணியோடு எடுத்தான். அது அவன் கையில் தடதடவென்று ஆடியது. நான் வாங்கிக் கார்வரை கொண்டுபோய் வைத்தேன்.

அந்தக் கோடையில் நான் சிலமுறை அவன் வீட்டுக்குப் போனேன், மீனோ கேக்கோ எடுத்துக்கொண்டு. ஜன்னலருகே பெரிய பூதக்கண்ணாடியை மாட்டி, பற்றவைக்கும் சூட்டுக்கோலைப் பிடித்து உட்கார்ந்திருப்பான். மணிக்கட்டைப் புத்தகக் கட்டோடு கட்டிப் பார்த்தான். மாத்திரை வேலைசெய்கிற கொஞ்ச நேரத்துக்காகக் காத்திருந்து பார்த்தான். மேசையெல்லாம் சூட்டுத் தழும்பு, விரலெல்லாம் கொப்புளம். முதலில் இரண்டொரு கம்பி பிடித்தது. அப்புறம் கை துள்ளி, நன்றாக இருந்த ஒரு மின்சில்லின் கால்களைப் பொசுக்கிவிட்டது. ஒரு நாள் போனபோது மேசை துடைத்துக் காலியாக இருந்தது. பலகை எங்கே என்று கேட்டேன்.

"நகராட்சிக் குப்பைக் கிடங்குல. மின்சாதனம்னு தனியா ஒரு தொட்டி வெச்சிருக்காங்க. நல்ல ஏற்பாடு," என்றான். என் கேக்கில் ஒரு துண்டைச் சாப்பிட்டு, நன்றாக இருப்பதாகச் சொன்னான். அவனுக்காக வருத்தப்பட்டு நான் அழுதபோது எரிச்சல்பட்டு, "நீ உன் வீட்ல போய் அழு, டாக்னி. காரணம் அங்கதான இருக்கு," என்றான்.

வீட்டுக்கு வந்து அழவில்லை. அக்ஸலோடு சண்டை போட்டேன். அவன் கத்தவில்லை. "நான் தப்பு பண்ணினேன், தெரியும்," என்பான். அடுத்த மூச்சில், "ஆனா..." என்பான். அந்த "ஆனா"வுக்குப் பிறகு வருவதை என்னால் கேட்க முடியாது. அவன் தனியறையில் படுக்கத் தொடங்கினான், அல்லது நான் தொடங்கினேன். இப்போதும் அப்படித்தான்.

பெட்டிக்கு நல்ல காலம். அதன் படம் எங்கெங்கோ போய், கோபன்ஹேகனில் வடிவமைப்புக் காட்சிக்கூடம் ஒன்று அதை நிரந்தரமாக வைக்கக் கேட்டது. எர்லிங்கின் சின்னப் பலகையைக் கழற்றி அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கூடத்துக்கு மின்சாரம் தேவைப்படவில்லை. கண்ணாடிக்குள் இருக்கிறது. பக்கத்து அட்டையில் அக்ஸலின் பெயர், மரத்தின் பெயர், ஆண்டு. ஜெர்மனியிலிருந்தும் நார்வேயிலிருந்தும் ஆட்கள் தங்கள் கணினிக்குப் பெட்டி கேட்டு எழுதுகிறார்கள். அவன் செய்து கொடுக்கிறான்.

டோர்கிலால் தனியாக இருக்க முடியாமல் போனபின் வீபோர்க் நகரில் ஒரு முதியோர் இல்லத்துக்கு மாறினான். போன மாதம் அக்ஸல் என்னிடம்கூடச் சொல்லாமல் அங்கே போய்விட்டு வந்தான். காட்சிக்கூடத்தில் பெட்டி இருக்கும் படத்தைச் சட்டம் போட்டு எடுத்துப் போயிருக்கிறான். மன்னிப்புக் கேட்கிறவன் எதையாவது கையில் கொண்டுபோக வேண்டுமே, அவனுக்கு வேறென்ன தெரியும்?

நான் சமையலறையில் உருளைக்கிழங்கு கழுவிக்கொண்டிருந்தேன். வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றான்.

"பாத்தேன் அவனை," என்றான். "நல்லாத்தான் பேசினான். படத்தை மடியில வெச்சிக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தான். 'இதுக்குள்ள இப்ப என்னடா இருக்கு'ன்னு கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் இல்லடான்னேன். 'அப்ப சரியாப் பொருந்தியிருக்குமே'ன்னான்."

சொல்லிவிட்டு அக்ஸல் கொஞ்சம் சிரித்தான். டோர்கில் பழையபடி கிண்டல் செய்கிறான், அப்படியென்றால் கோபம் தணிந்துவிட்டது என்று அவன் நினைத்திருந்தான். நானும் சிரிப்பேன் என்று காத்திருந்தான். நான் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன்.